ஆண்டுக்குப் பெயர் வரும்வரை

அனாக்லேதோ திக்கோனா வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு, தன் பட்டறைக் கோப்புகளை ஒழுங்காக வைத்திருந்ததுதான். எல்லாரையும் போலக் கண்டதைக் கண்ட இடத்தில் போட்டு வைத்திருந்தால் எந்த அலுவலகமும் அவர் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுத்திருக்காது. ஒழுங்காக இருந்தார், கண்ணில் பட்டார்.

பூனோ நகரத்தில் ஆட்ட உடை தைக்கிற பட்டறை அவருடையது. மூன்று எம்பிராய்டரி மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஐந்து ஆட்கள், அவர், அவர் மனைவி நியேவெஸ். பிப்ரவரி இரண்டாம் தேதி கண்டெலாரியா மாதா திருவிழா. அதில் மொரெனாதா என்ற ஆட்டம் ஆடுகிற குழு ஒன்றின் எழுபத்திரண்டு பேருக்கும் ஒவ்வொரு ஆண்டும் புது உடை அவர்தான் தைத்துக் கொடுப்பார். முதுகுத் துணியில் குழுவின் பெயர், நடுவே மாதா, சுற்றிலும் பாம்பும் மீனும் பொன்னூலில் நெளியும். அந்த எழுபத்திரண்டு உடையில்தான் ஆறு வீட்டு அடுப்பு எரிந்தது. திருவிழாவுக்கு உடை கொடுக்கத் தவறிய பட்டறையை அந்த ஊரில் அதற்கப்புறம் யாரும் சீந்துவதில்லை. மனிதருக்குக் கொடுத்த வாக்குத் தவறினால் மன்னிப்பு உண்டு, இது மாதாவுக்குக் கொடுத்த வாக்கு.

ஆட்டக்காரர்கள் உள்ளூரிலா இருக்கிறார்கள்? ஒருவர் லீமாவில் டாக்சி ஓட்டுகிறார், ஒருவர் தாக்னாவில் செருப்புக்கடை வைத்திருக்கிறார். திருவிழாவுக்குத்தான் வருவார்கள். அதனால் அடுத்த ஆண்டு உடைக்கான அளவை, இந்த ஆண்டு ஆட்டம் முடிந்த மறுநாளே, தலைவலியோடு வந்து நிற்கும்போதே எடுத்துவிடுவது வழக்கம். நடுவில் யாராவது பெருத்தால் போன் வரும். நியேவெஸ் கிளவுடில் இருக்கும் அளவைத் திருத்துவாள். ஆள்வாரியாக ஒரு கோப்பு, டிசைன்வாரியாக ஒரு கோப்பு, பெயரைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். திறக்கிற சாவி அவளிடமும் அவரிடமும் மட்டும். சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிடுவாள்.

"யோவ், கரண்ட் போனாலும், கம்ப்யூட்டர் செத்தாலும், நானே செத்தாலும் உனக்கு வேலை நிக்காது" என்பாள். அந்தப் பட்டியலில் அவள் சேர்க்க மறந்தது இஞ்சினியர் ரிகொபெர்த்தோ செவாயோஸை.

ஜூலை மாதம் அவர் வந்தார். சிறுதொழில் கிளவுட் முறைப்படுத்தல் இயக்குநரகத்தின் வட்டாரத் தலைவர். கூடவே இரண்டு பேர், ஒருவர் போட்டோ எடுக்க, இன்னொருவர் முத்திரைப் பெட்டியைத் தூக்க. நியேவெஸ் கோக்கா இலைத் தேநீர் கொடுத்தாள். இஞ்சினியர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

"மாஸ்டர், பதினோரு ஊர் சுத்திட்டு வர்றோம். கிளவுடை இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கிற இடத்த நான் பார்த்ததே இல்ல. ஒரு ஆளோட அளவு வேணும்னா எவ்ளோ நேரம் ஆகும்?"

"பத்து செகண்டுங்க" என்றாள் நியேவெஸ்.

"பத்து செகண்டு! யாரு கையெழுத்துப் போடுவா?"

"எதுக்குங்க?"

"எடுக்கறதுக்கு."

"யாரும் போடறதில்லீங்களே. வேணும்னா எடுப்போம்."

இஞ்சினியரின் முகத்தில் மலர்ந்தது வாடியது. தேநீரைக் கீழே வைத்தார். "அப்ப இது ஒழுங்கு இல்லம்மா. இது வெறும் வசதி."

வசதியை ஒழுங்காக மாற்ற அன்றைக்கே ஏற்பாடாயிற்று. அனாக்லேதோவின் பட்டறை 'மாதிரிப் பட்டறை' ஆனது. சுவரில் மாட்ட ஒரு பலகை வந்தது. மாதிரிப் பட்டறைகள் எல்லாம் தங்கள் கோப்புகளை இயக்குநரகத்தின் அதிகாரப்பூர்வ கிளவுடுக்கு மாற்ற வேண்டும்.

"நல்லாத்தானே நடக்குது, இதுல என்னத்த முறைப்படுத்தப் போறீங்க?" என்று நியேவெஸ் கேட்டாள்.

"நல்லா நடக்கறததாம்மா முறைப்படுத்த முடியும்" என்றார் இஞ்சினியர் பொறுமையாக. "நடக்காதத முறைப்படுத்தினா, நாங்க வந்துட்டுப் போனது யாருக்குத் தெரியும்?"

வேண்டாம் என்று சொல்லவும் ஒரு படிவம் இருந்தது. அது தலைநகரத்தில் கிடைக்கும் என்றார்கள்.

அடுத்து மூன்று நாள் பயிற்சி. ஊரிலிருந்த மாதிரிகள் எல்லாரும், மொத்தம் ஒன்பது பேர், அடையாள அட்டையின் நகல் மும்மூன்று எடுத்துக்கொண்டு போனார்கள். 'காகிதமில்லாத தொழில்' என்ற தலைப்பில் நூற்றுநாற்பது பக்கப் புத்தகம் ஒன்று தலைக்கு இரண்டு பிரதி கொடுத்தார்கள். ஒன்று படிக்க, ஒன்று பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்க. முதல் நாள் இஞ்சினியர் பேசினார்.

"கோப்பு ஏன் கெட்டுப்போகுது? யாரோ ஒருத்தர் தொறக்கறார். தொறந்தவர் சும்மா இருக்காம திருத்தறார். எங்க இயக்குநரகத்துல பன்னெண்டு வருஷமா ஒரு கோப்பும் கெட்டதில்ல. காரணம் என்ன? ஒழுக்கம்! நான் பதவிக்கு வந்து ஆறு வருஷமாச்சு, என் சொந்தக் கோப்பையே நான் தொறந்ததில்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். அனாக்லேதோவும் தட்டினார். பக்கத்திலிருந்தவர் தட்டும்போது தட்டாமலிருக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

விதிகளில் இரண்டு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. ஒன்று, கிளவுடில் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தாளில் ஓர் அச்சு வேண்டும். அந்தத் தாள்களுக்கு வரிசை எண்ணைப் பேனாவால், எண்ணிலும் எழுத்திலும் போட்டு இயக்குநரகத்தில் ஒப்படைக்க வேண்டும். இதனால் லீமாவில் டாக்சிக்காரருக்குத் தொப்பை இரண்டு செண்டிமீட்டர் கூடினால், நடுவே ஒரு புதுத் தாள் நுழைந்து பூனோவில் முன்னூறு தாள்களின் எண் மாறியது.

இன்னொன்று ஆண்டின் பெயர். அந்த நாட்டில் ஒவ்வோர் ஆண்டுக்கும் அரசாங்கம் ஒரு பெயர் வைக்கும். பஞ்சாங்கத்தில் போலச் சுற்றிச் சுற்றி வருகிற பெயர்கள் இல்லை, ஒவ்வொரு தடவையும் புத்தம் புதிதாகச் செய்தது. அரசாங்கக் கடிதம் எதுவானாலும் தலையில் அந்தப் பெயர் இருக்கும். கடிதத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இயக்குநரகம் ஒரு படி மேலே போய், கோப்பின் பெயரே ஆண்டின் பெயரில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்துவிட்டது. 'இலாரியோன் இடுப்பு' என்றிருந்த கோப்பு, 'முறையாக வளரும் தொழில்களுக்கும் மகிழ்ச்சியான மக்களுக்குமான ஆண்டு இலாரியோன் இடுப்பு' என்று ஆனது.

ஆகஸ்டில் பழைய கிளவுட் கணக்கை அழிக்கிற விழா நடந்தது. கம்ப்யூட்டருக்கு ரிப்பன் கட்டி, வெட்டி, இஞ்சினியரே தன் விரலால் அழித்தார். இழுப்பறையிலிருந்த பென் டிரைவை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

"சார், அத மட்டும் விட்டுட்டுப் போங்க" என்று நியேவெஸ் குறுக்கே வந்து நின்றாள்.

"ஒரே கோப்பு ரெண்டு இடத்துல இருந்தா எதும்மா உண்மை?"

"ரெண்டும் ஒண்ணுதான சார்."

"அதான்மா சிக்கலே" என்று சொல்லிவிட்டு உறையைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஓர் அளவை எடுக்கப் பத்து செகண்டுக்குப் பதில் நான்கு நாள் ஆயிற்று. என்ன செய்வது, நான்கு நாள் முன்னாலேயே கேட்டுப் பழகிக்கொண்டார்கள். நவம்பரிலும் டிசம்பரிலும் ராப்பகலாக உட்கார்ந்து நியேவெஸ் புது முதுகு டிசைனைச் செய்து முடித்தாள். மற்றக் குழுக்காரர்கள் காப்பியடித்துவிடுவார்கள் என்று புத்தாண்டு பிறக்கும்வரை அதை யாரும் துணியில் ஏற்றுவதில்லை. எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். டிசைன் பத்திரமாக அதிகாரப்பூர்வ கிளவுடில் போய் உட்கார்ந்தது.

ஜனவரி இரண்டாம் தேதி காலை ஐந்து ஆட்களும் வந்து மிஷின்களுக்கு எண்ணெய் விட்டார்கள். சிவப்பு வெல்வெட் வெட்டத் தயாராக மேசையில் விரித்திருந்தது. நியேவெஸ் கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரையில் ஒரே ஒரு வரி: 'நடப்பு ஆண்டின் பெயர் பதிவாகவில்லை.'

அனாக்லேதோ தொப்பியை மாட்டிக்கொண்டு இயக்குநரகத்துக்கு ஓடினார். தபால் மேசையில் மகாலி என்கிற பெண் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"வருஷம் பொறந்து ரெண்டு நாள்தானே ஆகுது மாஸ்டர், இன்னும் பேரு வரல. பேரு வந்ததும் கோப்பெல்லாம் தானா பேரு மாறும். அப்புறம் தொறக்கும்."

"பேருதான் வந்துருச்சே தாயி. ரேடியோவுல சொன்னான். உனக்கு ரொட்டி வித்தாளே, அவகூட காலைல சொல்லிக்கிட்டிருந்தா."

"அவளுக்கு வந்திருக்கும். எங்களுக்கு வரல."

இஞ்சினியரைப் பார்க்க ஐந்து நாள் ஆயிற்று. அவர் மேசையில் அன்றைய செய்தித்தாள் கிடந்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஆண்டின் பெயர் இருந்தது. 'மக்கள் ஒற்றுமைக்கும் நல்ல நடைமுறைக்கும் தண்ணீர்ச் சிக்கனத்துக்குமான ஆண்டு.' அனாக்லேதோ அதில் விரலை வைத்துக் காட்டினார்.

"பேப்பர்ல வந்தது செய்தி, மாஸ்டர். எங்களுக்கு வரவேண்டியது பேரு. சான்றொப்பம் போட்ட நகலா வரணும்."

"அது எங்கருந்து வரணுங்க?"

"எங்க சட்டப் பிரிவுலருந்து."

"அது எங்க இருக்கு?"

இஞ்சினியர் விட்டத்தைக் காட்டினார். "மாடில."

"நான் வேணா ஓடிப்போய் வாங்கிட்டு வரட்டுங்களா?"

இஞ்சினியர் சிரித்தார். குழந்தை எதையோ கேட்டதுபோல் இருந்தது அந்தச் சிரிப்பு. "படிக்கட்டு வழியா வந்தா அதுல தலைநகரத்து முத்திரை எப்படி இருக்கும்? மாடிலருந்து தலைநகரம் போகும், அங்கருந்து கீழ வரும். அவசரம்னா ஒரு மனு எழுதிக் குடுங்களேன்."

அனாக்லேதோ மனு எழுதினார். தலையில் ஆண்டின் பெயர் இருக்க வேண்டுமே என்று பழைய பெயரைப் போட்டார். 'காலாவதியான ஆண்டு' என்று திரும்பி வந்தது. புதுப் பெயரைப் போட்டார். 'உறுதிப்படாத ஆண்டு' என்று திரும்பி வந்தது. தலைவலி பொறுக்காமல் ஒன்றும் போடாமல் கொடுத்தார். 'மனுதாரர் எந்த ஆண்டில் இருக்கிறார் என்று தெரியவில்லை' என்று மகாலி தன் கையாலேயே எழுதித் திருப்பினாள். சரி, அச்செடுத்த தாள்களையோ அரக்கு வைத்த அந்தப் பென் டிரைவையோ கொடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டார். எதைப் பாதுகாப்பறையிலிருந்து எடுத்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டும், பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஆண்டின் பெயர் வேண்டும்.

ஜனவரி பதினைந்து தாண்டியது. குழுத்தலைவர் தோன் இலாரியோன் பட்டறைக்கு வந்தார். ஒற்றை நாடி உடம்பு, அதிகம் பேசாதவர். விரித்தது விரித்தபடி கிடந்த வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், இன்னும் கத்திரியே படல?"

"ஆண்டுக்குப் பேரு வரலீங்க தோன் இலாரியோன்."

"எனக்கும் எம் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது, அதுக்காக நான் ஆடாம இருக்கனா? வருஷத்துக்குப் பேரு இல்லன்னா துணிக்கு என்னய்யா?"

அனாக்லேதோ விளக்கினார். விளக்க விளக்கத் தன் குரல் தனக்கே பைத்தியக்காரன் குரல் மாதிரிக் கேட்டது. தோன் இலாரியோன் முழுவதும் கேட்டுவிட்டு, "மாதாகிட்ட இதையே சொல்லிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அளவுகளைப் போனில் கேட்டு வாங்கினார்கள். அது இன்னொரு கூத்து. தன் இடுப்பைத் தானே அளக்கிற ஆண்பிள்ளை உண்மை சொன்னதாக இதுவரை கேள்வி இல்லை. டாக்சிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்வது போனிலேயே கேட்டது. நம்பி வெட்டினார்கள், வேறு வழி? உடை தயாராயிற்று, முதுகு மட்டும் வெறுமையாக இருந்தது. நியேவெஸ் டிசைனை முதலிலிருந்து போட உட்கார்ந்தாள். இரண்டு மாத வேலை பத்து நாளில் வருமா? பாதி மீன் வரைந்துவிட்டு ஒரு மத்தியானம் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அனாக்லேதோ பக்கத்தில் போய் நின்றார்.

"சொன்னேன்லய்யா, அத மட்டும் விட்டுட்டுப் போகச் சொன்னேன்ல" என்றாள்.

"சொன்ன" என்றார்.

ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி பெயர் வந்து சேர்ந்தது. இயக்குநரக வாசலில் வாத்தியம் வைத்து வரவேற்றார்கள். மறுநாள் அத்தனை கோப்புகளும் தானாகப் புதுப் பெயர் சூட்டிக்கொண்டன. டிசைன் மட்டும் இருநூற்றறுபது, பதினெட்டு வருடச் சம்பாத்தியம். நியேவெஸ் இந்த வருடத்து முதுகை மட்டும் கேட்டாள். வரவில்லை. எல்லாம் ஒரே மூட்டையாகத்தான் வந்தது, அதையும் நேராக மிஷினுக்குத்தான் அனுப்ப முடிந்தது. அனாக்லேதோ இஞ்சினியருக்குப் போன் செய்தார்.

"ஒண்ண மட்டும் பிரிச்சுக் குடுங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எப்படி மாஸ்டர் பிரிக்கறது? இது மக்கள் ஒற்றுமை ஆண்டு!"

மிஷினின் திரை உள்ளங்கை அகலம்தான். கோப்புப் பெயரில் முதல் எட்டு எழுத்தைக் காட்டும், படம் காட்டாது. ஊரில் எல்லா மிஷினும் அப்படித்தான். எட்டு எழுத்துக்குள் ஆண்டின் பெயரே முடியவில்லை, டிசைனின் பெயருக்கு எங்கே இடம்? அனாக்லேதோ பொத்தானை அமுக்கினார். 'மக்கள் ஒற்றுமை'. மறுபடி அமுக்கினார். 'மக்கள் ஒற்றுமை'. இருநூற்றறுபது தடவையும் அதுதான் வந்தது.

ஒவ்வொன்றாகத் தைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கந்தல் துணியைப் போட்டு மூன்று மிஷினையும் ஓட விட்டார்கள். எல்லா டிசைனிலும் முதலில் ஓரத்துப் பாம்புதான் வரும், அரை மணி நேரம் போனால்தான் யாருடைய பாம்பு என்று தெரியும். முதலில் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கரடி வந்தது. பிறகு எதிர்க் குழுவின் பெயர் வந்தது, அடுத்து யாருடைய கல்யாணத்துக்கோ போட்ட மேசை விரிப்பு. ஆட்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள், போகப் போகக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் இரண்டாவது மிஷினில் சரியான மாதா வந்தாள். நியேவெஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். ஒரு முதுகு தைக்க ஆறு மணி நேரம். யாரும் வாயால் கணக்குச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பிப்ரவரி இரண்டாம் தேதி காலைக்குள் பத்தொன்பது முடிந்தது.

எழுபத்திரண்டு பேர் ஆடினார்கள். முன்வரிசைகளில் பத்தொன்பது முதுகுகள் பொன்னாக மின்னின. பின்னால் ஐம்பத்துமூன்று முதுகுகள் மொட்டைச் சிவப்பு. டாக்சிக்காரருக்கு இடுப்பில் தையல் விட்டுப்போய் ஊக்கு குத்தியிருந்தது. வாத்தியக்காரர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் குழு திரும்பி முதுகைக் காட்டியபோதெல்லாம் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அனாக்லேதோ தேவாலயத்துத் தூணோரமாக நின்று பார்த்தார். மாதாவின் பல்லக்கு அவரைத் தாண்டிப் போனபோது தலையை நிமிர்த்த முடியவில்லை. 'அம்மா, நான் ஒண்ணும் பண்ணலியே' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். யோசித்தால் அதுதான் உண்மையும்கூட. ஜனவரி முழுக்க அவரை ஒன்றும் பண்ண விடவில்லை.

மறுநாள் தோன் இலாரியோன் மட்டும் வந்தார். மீந்த வெல்வெட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

"பசங்க ஹூலியாக்காவுல ஒரு பட்டறைல அளவு குடுத்துட்டாங்க மாஸ்டர். மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த வாரத்துக்குள், அவரிடம் சில்லறை வேலை கொடுத்துவந்த மற்ற இரண்டு குழுக்களும் வேறு பட்டறை பார்த்துக்கொண்டன. ஐந்து ஆட்களும் ஒவ்வொருவராக வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். அனாக்லேதோ அவர்களை அதிகம் பேச விடவில்லை, முதுகில் தட்டி அனுப்பிவைத்தார்.

பிப்ரவரி கடைசியில் இஞ்சினியர் செவாயோஸ் கருத்துப் படிவத்தோடு வந்தார். போட்டோக்காரரும் முத்திரைப் பெட்டியும் கூடவே வந்தார்கள். உட்காரச் சொல்ல நியேவெஸ் வரவில்லை, அவரே உட்கார்ந்துகொண்டார்.

"சும்மா நாலு கேள்வி மாஸ்டர். உங்க கோப்பு ஏதாவது தொலைஞ்சுதா?"

அனாக்லேதோ யோசித்தார். "இல்லீங்க."

"அனுமதி இல்லாத ஆள் யாராவது தொட்டாங்களா?"

"ஒருத்தரும் தொடலீங்க. நானே தொட முடியலியே."

"அப்ப 'முழுப் பாதுகாப்பு'ன்னு போட்டுக்கறேன். நல்ல விஷயம்." பேனா வேகமாக ஓடியது. "போன வருஷம் இங்க எத்தன பேரு வேலை பார்த்தீங்க?"

"எங்களச் சேத்து ஏழு பேரு."

"இப்ப?"

அனாக்லேதோ திரும்பிப் பார்த்தார். நியேவெஸ் மூன்றாவது மிஷினுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரு" என்றார்.

இஞ்சினியர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அனாக்லேதோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஏழு பேரு வேலைய ரெண்டே பேரு! இதத்தான் மாஸ்டர் நான் ஆறு வருஷமா மேடைக்கு மேடை சொல்லிட்டிருக்கேன், ஒருத்தனும் நம்பல. கிளவுடோட மொதப் பலனே இதுதான்."

'பலன்கள்' என்ற கட்டத்தில் அதை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். அனாக்லேதோ கையெழுத்துப் போட்டார்.